தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பவர்

இதைக் கையில் எடுத்திருக்கும் ஐயா அவர்களுக்கு, அம்மையார் என்றால் அம்மையார் அவர்களுக்கு, என் பணிவான வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி கண்டவன் அல்லன். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு விடுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வருகைப் பதிவேடு எழுதியும், தங்கிச் சென்றவர்கள் விட்டுப்போன நாளிதழ்களையும் புத்தகங்களையும் வாசித்தும் வந்த நடை இது. பிழை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆனால் செய்தியில் பிழை இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

அந்த விடுதியில் என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றியே எழுதுகிறேன். அவர் பெயரைக் குறிப்பிட மாட்டேன். வித்துராவில் அவருடைய மனைவி இருக்கிறார்; காரணம் பின்னால் விளங்கும். நான்கு மாடிகளையும் மேற்பார்ப்பது அவர் பணி. பொனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர். பெற்றோர் அங்கே கொழுந்து பறித்தவர்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்றே அழைப்பார்.

பூட்டிய கதவு பூட்டியிருக்கிறது என்று அவர் நம்பியதே இல்லை. தாழ்ப்பாளைப் போடுவார், இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். பிறர் போட்ட தாழ்ப்பாள் என்றால் மூன்று முறை. உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் கண்ணாடித் தம்ளர் இருக்கும்போதே மறு கை ஏதாவது ஒரு கைப்பிடியை அசைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை தென்காசியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர், உள்ளே இருக்கும்போதே கதவு ஆடுவதைக் கண்டு அலறிவிட்டார்.

“யோவ், உள்ள ஆள் இருக்குய்யா!”

“இருக்கட்டும் சார். தாழ்ப்பா விழுந்திருக்கான்னு பாத்தேன்.”

“நான்தானய்யா போட்டேன்!”

“நீங்க போட்டீங்க. அது விழுந்துதான்னு பாக்கணும் அல்லே?”

அறைகளைப் பெருக்கித் துடைக்கும் பாறசாலைப் பெண்மணி அவருக்குத் ‘தாழ்ப்பா சேட்டன்’ என்றே பெயர் வைத்துவிட்டார். “சேட்டா, இன்னும் ரெண்டு தடவ இழுத்தா கதவு உங்க கூடவே வித்துரா பஸ் ஏறிடும்” என்பார். அவர் சிரிக்க மாட்டார். பதில் சொல்லவும் நிற்க மாட்டார். அடுத்த கதவுக்குப் போயிருப்பார்.

சனிக்கிழமை மாலை ஊருக்குப் புறப்பட்டால், பேருந்து நெடுமங்காடு தாண்டுவதற்குள் தொலைபேசி வந்துவிடும். முதலில் அந்தப் பெண்மணியிடம் கேட்பார். “மொட்டமாடி குழாய் அடைச்சாச்சா?” அடைத்தாயிற்று என்பார் அவர். “சரி, அண்ணாச்சிக்கிட்ட குடு.” நானும் அடைத்தாயிற்று என்பேன். அதோடு வைத்துவிடுவார். உண்மையைச் சொன்னால், பாதி நாள் நான் மாடி ஏறிப் பார்த்ததே இல்லை. என் சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டதையும் அப்போது நான் கருத்தில் கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு, திறந்து பார்க்கவே முடியாத இடத்தில் அடைப்பு வந்தது.

முதல் அடைப்புக்கு மருத்துவமனையில் மணிக்கட்டு வழியாகக் கம்பி செலுத்தி, இதயத்து ரத்தக்குழாயை விரித்து, உள்ளே உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். ஸ்டென்ட் என்பது அதன் பெயர். மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றார். “உள்ள வச்சது அங்கேயே இருக்கான்னு எப்பிடி நோக்குறது அண்ணாச்சி?” என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலை பத்தரை மணிக்கு, அறைகள் காலியாகும் பரபரப்பு ஓய்ந்ததும், சாலையைக் கடந்து ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறுவார். ஐம்பத்திரண்டு படிகள் என்பது அவர் கணக்கு. நிற்காமல் ஏறுவார். உச்சியில் நின்று மூச்சைக் கவனிப்பார். இறங்கி வந்து, பதிவேட்டில் குனிந்திருக்கும் என்னிடம், “இன்னிக்கு ஒண்ணுமில்ல” என்பார். மழையானாலும் குடையோடு போவார்.

அந்தச் சோதனையை எள்ளி நகையாடக் கூடாது, ஐயா. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அவர் இறங்கி வந்து, “நாப்பதாம் படியில பிடிச்சுது” என்றார். மறுநாள் முப்பத்தெட்டாம் படி. அன்றே மருத்துவமனைக்குப் போனார். வலைக்குழாய்க்குள் தசை வளர்ந்து, விரித்த பாதை மீண்டும் குறுகியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து வந்தவர் அபூர்வம் என்று மருத்துவர் பாராட்டினார். மலையாளியான அவர், எங்களுக்காகத் தமிழைக் கூட்டிப் பேசுவார். “உங்க உடம்புக்கு ரொம்ப உத்சாகம் கேட்டோ. புண்ணு ஆறணும். ஆனா இது ஆறி முடிஞ்சும் நிக்காம ஆறிட்டே போவுது.”

இரண்டாம் முறை வேறு முறை. இன்னொரு வலையை வைக்காமல், மருந்து பூசிய பலூன் ஒன்றைக் குறுகிய இடத்துக்குக் கொண்டுபோய் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஊதி வைப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மருந்து குழாயின் சுவருக்கு மாறிவிடும். பலூன் வெளியே வந்துவிடும். தசை மறுபடி மிதமிஞ்சி வளராமல் அந்த மருந்து அந்த இடத்திலேயே இருந்து தடுக்கும். உடம்பு முழுவதும் மருந்து ஓட வேண்டியதில்லை. மருத்துவர் சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன். இதுவரை சரியாகவே புரிந்துகொண்டிருந்தேன்.

சிகிச்சையின்போது அவர் விழித்தே இருந்தார். வெளியே கொண்டுவந்ததும் என்னைக் கண்டு முதலில் சொன்னது இது.

“அம்பத்தெட்டு, அண்ணாச்சி.”

“எது?”

“பலூன் ஊதுனதும் நெஞ்சு இறுகிச்சு. இறுகுன ஒடனே எண்ணத் தொடங்கினேன். அம்பத்தெட்டுல விட்டுட்டாங்க. ரெண்டு செகண்டு குறைவு.”

மருத்துவரிடமும் கேட்டுவிட்டார். அவர் சிரித்து, “நீங்க எண்ணுறது ஸ்பீடு குறைவு சேட்டா, ஞங்ஙளுடெ கிளாக் சரிதான்” என்று தங்கள் கடிகாரத்தைக் காட்டினார். அந்தச் சிரிப்பு அவரைச் சமாதானப்படுத்தவில்லை. இரண்டு வினாடிப் பூச்சு குறைந்துபோனது என்ற எண்ணம் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விடுதிக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவின் கம்பியை விரலால் தட்டி எண்ணிக்கொண்டே வந்தார்.

ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க ஒரு குளிகை கொடுத்திருந்தார்கள். தினமும் காலை ஒன்று. தங்களைக் கேளாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று செவிலியர் இருமுறை சொன்னார். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் குளிகை என்றே நாங்கள் எல்லோரும் அதைச் சொல்வது வழக்கம். தினமும் காலையில் நான், “ஆச்சா?” என்பேன். அவர், “ஆச்சு” என்பார். சோதனையும் தொடர்ந்தது. ஐம்பத்திரண்டு படி. ஒன்றுமில்லை.

இனி நானூற்றேழாம் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேல்மாடியின் மேற்கு மூலையில் உள்ள அறை அது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதன் சுவரில் பூஞ்சை கறுத்துப் படரும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தினமும் காலையில் துடைப்பதே எங்கள் வழக்கம். துடைத்த இடத்தில் மூன்றாம் நாள் மீண்டும் வரும். அந்த ஆண்டு உரிமையாளர் ஒரு பெயிண்டரை அழைத்து, பூஞ்சை பிடிக்காத பூச்சு ஒன்றை அடிக்கச் செய்தார். பெயிண்டர் போகும்போது கண்டிப்பாகச் சொன்னார்: “இனி ஈரத்துணி வைக்கப்படாது. தண்ணி பட்டா பூச்சு எளகிப் போகும். மழை முடியுறது வரைக்கும் ரூம அடைச்சுப் போடுங்க.” அறையைப் பூட்டினோம். தாழ்ப்பாளை அவர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

அன்று மதியம் மேசையருகே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, நெஞ்சுக்குள்ள வச்சதும் இந்த மாதிரிப் பூச்சுதான், அல்லே?”

ஆம், அதேதான் என்றேன். உவமை கிடைத்த மகிழ்ச்சியில் விரித்தும் சொன்னேன். சுவரில் பூஞ்சை மாதிரிதான் குழாயில் தசை. பூச்சு இருக்கும்வரை மீண்டும் வராது. முன்பு வெறுமனே விரித்தது நாம் துடைத்ததைப் போல, இப்போது செய்திருப்பது பெயிண்டர் செய்ததைப் போல. நோயாளிகளுக்குத் துணையிருக்க, கூட்டிருப்பாக வந்து எங்கள் விடுதியில் தங்குவோர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இதய நோயைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை.

அவர் சற்று நேரம் சாவித்தட்டின் விளிம்பை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அப்போ ரத்தம் தண்ணியாட்டு ஓடுனா, பூச்சு கழுவிப் போகாதா? எனக்கு ஏற்கெனவே ரெண்டு செகண்டு குறைவு.”

ஐயா, அம்மையீர், அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்பது ஒரே சொல். அதை நான் சொல்லவில்லை. பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, “நீர்த்து ஓடுனா கொண்டுபோகத்தான் செய்யும். நீ சொல்றது நியாயந்தான்” என்றேன். அதற்குள் கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது. அறை எண்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவரும் போய்விட்டார். அந்தப் பேச்சு என் நினைவிலிருந்தும் போய்விட்டது.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாள், உரிமையாளர் தொலைபேசியில், நானூற்றேழின் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மணி பத்தே முக்கால் இருக்கும். எனக்குப் பின்னால் இருந்த சாவித்தட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு பொந்து உண்டு. நானூற்றேழின் பொந்தில் கைவிட்டேன். சாவியோடு வேறு எதுவோ தட்டுப்பட்டது. குளிகை அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாகத் துண்டித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காய் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தது. பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் குளிகை அப்படியே இருந்தது.

பன்னிரண்டு நாள் நான் “ஆச்சா” என்று கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு நாள் அவர் “ஆச்சு” என்றிருக்கிறார். ஏன் என்பது எனக்கு உடனே விளங்கியது. அவர் குளிகையை அலட்சியத்தால் நிறுத்தவில்லை. பூச்சைக் காப்பாற்ற நிறுத்தியிருக்கிறார். எறிந்துவிடவும் மனம் வராமல், ஒருவேளை தவறென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று, யாரும் கைவிடாத பொந்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

நான் மேம்பாலத்துக்கு விரைந்தேன். என் முழங்கால்கள் அன்றே நல்ல நிலையில் இல்லை. கைப்பிடியைப் பற்றி ஏறினேன். அவர் உச்சியில் இல்லை. நடுவிலேயே ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். இப்படி நடுவழியில் உட்கார்ந்து நான் பார்த்திராத மனிதர். போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சட்டை முழுதும் நனைந்திருந்தது, மழை இல்லை.

“பதினேழாம் படி, அண்ணாச்சி” என்றார். “ஒரேயடியா பதினேழுக்கு வந்துட்டு. இப்பிடி எறங்காதே அது.”

ஆட்டோவில் ஏற்றினேன். என் கையில் அந்தப் பன்னிரண்டு துண்டுகளும் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிடிபட்ட முகம் இல்லை. கேள்வி கேட்கும் முகம்.

“இப்போ தின்னட்டா? பூச்சு போகாதா?”

“எனக்குத் தெரியாதப்பா” என்றேன். “அன்னிக்கும் எனக்குத் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தார். அசைத்துப் பார்க்கவில்லை. சும்மா பிடித்திருந்தார்.

மருத்துவமனை வாசலிலிருந்தே சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு துண்டை மருத்துவரின் கையில் கொடுத்து, பன்னிரண்டு நாளாக உண்ணவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது. தமிழ் அவரிடமிருந்து போய்விட்டது. அதற்குள் தள்ளுபடுக்கைக்கு மாற்றியிருந்தார்கள்; மருத்துவர் அதன்மேல் குனிந்து கேட்டார்.

“ஆரு பறஞ்ஞு இது நிறுத்தான்?”

யார் நிறுத்தச் சொன்னது என்று அந்தக் கேள்வி. நான் பக்கத்திலேயே நின்றேன். என் வாய் திறக்க வேண்டிய இடம் அது. படுத்திருந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு மருத்துவர் பக்கம் திருப்பினார்.

“ஆரும் பறஞ்ஞில்ல சாரே. நான் தன்னே.”

யாரும் சொல்லவில்லை, நானேதான் என்றார். படுக்கையை உள்ளே தள்ளினார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது. ஐயா, அந்தக் கதவு சரியாக மூடியதா என்று நான் அருகில் போய்ப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உயிர் பிழைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்து விளக்கினார். மருந்து பூசிய இடம் விரிந்தபடியே இருந்ததாம். தசை கொஞ்சமும் வளரவில்லை. மருந்து சுவருக்குள் ஊறிப்போய் இருப்பது. ரத்தம் ஓடி அதைக் கழுவ முடியாது. குளிகை ரத்தத்தைத் தண்ணீராக்குவதும் அன்று; ரத்தத்தின் நுண்ணணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் தடுப்பது. அது இல்லாததால் நல்ல பாதையில் உறைந்த ரத்தம் வந்து அடைத்துவிட்டது. இதயத்தின் ஒரு பகுதி இனி பழையபடி துடிக்காது. “பூச்சு நல்லாத்தான் பிடிச்சிருந்துது” என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார். அன்று மாலை நான் விடுதிக்கு வந்து நானூற்றேழைத் திறந்து பார்த்தேன். அந்தச் சுவரும் வெள்ளையாகவே இருந்தது.

வித்துராவிலிருந்து அவருடைய மனைவி பேருந்தில் வந்து சேர்ந்திருந்தார். என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். “நீங்க அந்தக் குளிகைய கண்டுபிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும் அண்ணாச்சி? தெய்வமாட்டு கை விட்டீங்க அந்த ஓட்டைக்குள்ள.” நான் என் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. வித்துராவிலேயே இருந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் இருந்த அரை நாளும் உட்கார்ந்தே இருந்தார். மனைவி கோழிக்கூட்டை அடைத்துக் கொக்கி மாட்டினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, எழவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. குளிகை உண்டாயிற்றா என்று கேட்டேன். “அவ குடுப்பா. தின்னுடுவேன்” என்றார்.

மனைவி காப்பி போட உள்ளே போன வேளையில் நான் தொடங்கினேன்.

“அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை…”

“விடுங்க அண்ணாச்சி.”

“இல்ல, டாக்டர்ட்டயாவது நான்…”

“விடுங்கன்னு சொல்றேன் அல்லே?” அவர் குரலில் கோபம் இல்லை. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பாத்தேன். உங்க வார்த்தை ஒண்ணத்தான் இழுத்துப் பாக்கல. அது என் தப்பு.”

காப்பி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் எட்டிப்பார்த்தார். “இவங்கதான் அந்த அண்ணாச்சி. இவங்க இல்லேன்னா இந்த மனுஷன் இன்னிக்கு இல்ல” என்று மனைவி அறிமுகப்படுத்தினார். பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கும்பிட்டார். நாற்காலியிலிருந்தவர் தம்ளரைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் காப்பியை நான் முழுவதும் குடித்தேன்.

சென்ற மழைக்காலத்தில் அவர் உறக்கத்திலேயே போய்விட்டார். போயிருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் அவருடைய மனைவி, என்னைக் காட்டி, மூன்று வருஷம் கூடுதலாக வாழவைத்தவர் இவர்தான் என்றார். மூன்று வருஷத்துக்கு மேலும் வாழ வேண்டியவரை நான் என்ன செய்தேன் என்பதை அங்கே எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. திரும்பும் பேருந்தில் நெடுமங்காடு தாண்டும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஐயா, அம்மையீர், மருத்துவரிடம் கேட்க வேண்டியதை என்னைப் போன்றவனிடம் யாராவது கேட்டால், தெரியாது என்ற சொல் எவ்வளவு எளிது என்பதற்காக இதை எழுதினேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி இது: மருத்துவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் உண்மை அல்ல. சொன்னது நான். அவருடைய மனைவியிடம் இந்தத் தாளைக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. நான் இல்லாத காலத்தில் அவர் கேட்டு வந்தால் கொடுப்பதற்கு ஒருவரிடம் இது இருக்க வேண்டும்.

ஆகவே இதைத் தாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.